எட்டுக் காரணிகளைப் பெருக்கினால் தவறின் வாய்ப்பு கிடைத்துவிடுமா?

கேள்வி இது: அணு உலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, ரயில் சிக்னல், வேதி ஆலை போன்ற இடங்களில் மனிதத் தவறுக்குக் களைப்பு, நேர நெருக்கடி, பயிற்சிக் குறை, மோசமான கையேடு என்று பல காரணிகளைச் சொல்கிறார்கள். இவை ஒன்றையொன்று பாதிக்கும் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பின்னலை ஒரு மாதிரிக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஒவ்வொரு காரணிக்கும் ஓர் எண் கொடுத்துப் பெருக்கினால் போதாதா?

போதாது. ஆனால் பெருக்கல் எந்த இடத்தில் தவறுகிறது என்று பார்த்துவிட்டால், அதற்குப் பதில் என்ன செய்வது என்பதும் பாதி தெரிந்துவிடும். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மனிதர் தவறும் வாய்ப்பைக் கணிக்கும் துறைக்கு மனித நம்பகத்தன்மைப் பகுப்பாய்வு என்று பெயர். அதன் முதல் பெரிய கையேடான ‘தெர்ப்’, ஸ்வெய்னும் கட்மனும் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்காக எழுதி 1983இல் வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது. இயல்பான சூழலில் ஒரு வேலைக்கு இன்ன தவறு நிகழ்தகவு. சூழல் கெட்டால் அதை இத்தனை மடங்காக்கு. பின்னால் வந்த ‘ஹார்ட்’, 2005இன் ‘ஸ்பார்-எச்’ எல்லாம் இதே குடும்பம்தான். ஸ்பார்-எச் முறையில் எட்டுக் காரணிகள்: கையிலுள்ள நேரம், மன அழுத்தம், வேலையின் சிக்கல், அனுபவமும் பயிற்சியும், செய்முறைக் கையேடு, திரை மற்றும் கருவிகளின் வடிவமைப்பு, வேலைக்கு வந்தவரின் உடல்நிலை மனநிலை, வேலை நடைமுறைகள்.

என்ன நடக்கிறது என்று கண்டறியும் வேலைக்கு இந்த முறை தரும் அடிப்படை எண் 0.01. அழுத்தம் அதிகம் என்றால் 2 மடங்கு. வேலை மிகச் சிக்கல் என்றால் 5. கையேடு இருந்தும் மோசம் என்றால் 5. திரை அமைப்பு மோசம் என்றால் 10. நான்கும் ஒரே நேரத்தில் வந்தால் 500 மடங்கு, 0.01ஐ 500ஆல் பெருக்கினால் 5. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டக் கூடாதே! அதற்காகவே ஒரு திருத்தச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள்; பாதகமான காரணிகள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தினால் 5 என்பது 5.99ஆல் வகுபட்டு 0.83 ஆகிறது.

எண் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது, சரி. ஆனால் அந்த ஆபரேட்டருக்கு அழுத்தம் ஏன் அதிகமானது? திரை மோசமாக இருந்ததால் வேலை சிக்கலானது, வேலை சிக்கலானதால் அழுத்தம் ஏறியது என்றால், ஒரே குறையை மூன்று பெயரில் மூன்று முறை எண்ணியிருக்கிறோம். திருத்தச் சூத்திரத்துக்கு இது தெரியாது. அது விடையைத்தான் அடக்குகிறது, இரட்டைக் கணக்கை நீக்குவதில்லை. 1998இல் ஹோல்நாகல் முன்வைத்த ‘கிரீம்’ முறை இந்தச் சிக்கலை ஓரளவு கண்டுகொண்டது. அதன் ஒன்பது சூழல் நிலைமைகளில் சிலவற்றை, மற்றவற்றின் நிலையைப் பார்த்துத் திருத்தச் சொல்கிறது. நல்ல தொடக்கம்தான், ஆனால் எது எதைப் பாதிக்கும் என்பது எல்லா ஆலைக்கும் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரே விதியாக நின்றுவிட்டது.

‘காரணிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இந்தத் துறையில் எழுதப்படும் பல ஆய்வுகள் தடுமாறுவது இவற்றைக் கலந்துவிடுவதால்தான் என்பது என் கருத்து.

முதலாவது, பொதுவான ஒரு வேர். லண்டனில் கிளாஃபம் சந்திப்பு அருகே 1988 டிசம்பர் 12 அன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் பெட்டிக்குள் கழற்றப்பட்ட பழைய கம்பி ஒன்று வெட்டி அகற்றப்படாமல், நுனி மூடப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னர் அருகே நடந்த வேறொரு வேலையில் அது அசைந்து பழைய இடத்தைத் தொட்டது. சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் சிவப்பு காட்டவில்லை. அந்தக் கம்பியை மாற்றிய தொழில்நுட்பப் பணியாளருக்கு அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. அவர் வேலையைச் சரிபார்க்க வேண்டிய மேற்பார்வையாளரோ, அன்று தானே இறங்கி வேறு வேலை செய்துகொண்டிருந்தார். கம்பிகளை எண்ணிப் பார்க்கும் சோதனையும் நடக்கவில்லை. களைப்பு ஒரு காரணி, மேற்பார்வைக் குறை இன்னொரு காரணி என்று தனித்தனியே குறிப்பது எளிது. ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: பெரிய சிக்னல் மாற்றுத் திட்டத்தை வாரயிறுதி ஓவர்டைமை நம்பி ஓட்டிய திட்டமிடல்.

பாலாடைக்கட்டித் துண்டுகளின் ஓட்டைகள் ஒரே கோட்டில் வந்தால் விபத்து என்று உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் பெயரில் ஒரு படம் எங்கும் காட்டப்படுகிறது. எனக்கு அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. ஓட்டைகள் ஏதோ தற்செயலாக ஒரே கோட்டில் வந்து நின்றதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். கிளாஃபமில் இரண்டு ஓட்டைகளையும் போட்டது ஒரே துளைப்பான்.

இரண்டாவது, சங்கிலி. ஆள் பற்றாக்குறை நேரடியாக யாரையும் தவறான பொத்தானை அழுத்த வைப்பதில்லை. அது ஓவர்டைமைக் கூட்டுகிறது, ஓவர்டைம் தூக்கத்தைக் குறைக்கிறது, தூக்கக் குறை கவனத்தைக் குலைக்கிறது. இந்த நான்கையும் ஒரே மட்டத்தில் நான்கு காரணிகளாக வைத்து மதிப்பெண் போட்டால் மாதிரி பொய் சொல்லும்.

மூன்றாவது, கூட்டு விளைவு. ஒரு காரணி எவ்வளவு பாதிக்கும், சில சமயம் எந்தத் திசையில் பாதிக்கும் என்பதே இன்னொரு காரணியைப் பொறுத்தது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, வால்வுக்கு ‘மூடு’ என்ற கட்டளை போனதைத்தான் காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. அழுத்தமூட்டிக் கலனில் நீர்மட்டம் ஏறுவதாகத் தெரிந்தது. அந்தக் கலன் முழுக்க நீரால் நிரம்ப விடக் கூடாது என்று ஆபரேட்டர்களுக்கு அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவசரக் குளிர்நீரின் பாய்ச்சலைக் குறைத்தார்கள், உலையின் மையம் பகுதியளவு உருகியது. பயிற்சி இல்லாததால் நடந்த தவறு அல்ல இது. கற்றபடி செய்ததால் நடந்தது. பட்டியல் முறையில் ‘பயிற்சி: நன்று’ என்று குறித்தால் அது எப்போதும் நிகழ்தகவைக் குறைக்கும். இங்கே தவறான காட்சியோடு சேர்ந்தபோது அதே பயிற்சி ஆபத்தைக் கூட்டியது. பெருக்கல் சூத்திரத்தால் இதை எழுதவே முடியாது.

நான்காவது, சுழற்சி. தவறு நடக்கிறது, மறுவேலை வருகிறது, நேரம் இன்னும் நெருங்குகிறது, மறுபடி தவறு. அல்லது, ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் கையேட்டில் இரண்டு பக்கம் சேர்கிறது. சில ஆண்டுகளில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இப்போது, இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் எண் உண்மையில் எவ்வளவு மாறும்? விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன், எந்த ஆலையின் தரவும் அல்ல. ஒரு ஷிப்டில் ஆள் பற்றாக்குறை இருக்கும் வாய்ப்பு 0.3. பற்றாக்குறை இருந்தால் களைப்பு வரும் வாய்ப்பு 0.6, இல்லையென்றால் 0.1. நேர நெருக்கடிக்கு முறையே 0.7, 0.2. தவறின் நிகழ்தகவு: இரண்டும் இல்லாவிட்டால் 0.001, களைப்பு மட்டும் என்றால் 0.005, நெருக்கடி மட்டும் என்றால் 0.004, இரண்டும் சேர்ந்தால் 0.05.

பெருக்கல்காரர் என்ன செய்வார்? களைப்பு மொத்தத்தில் 0.25, நெருக்கடி 0.35, இரண்டும் சேரும் வாய்ப்பு 0.0875 என்பார். சேர்ந்தால் 5 மடங்கு, 4 மடங்கு, ஆக 20 மடங்கு, அதாவது 0.02 என்பார். சராசரித் தவறு நிகழ்தகவு 0.0041 என்று வரும். வேரான ஆள் பற்றாக்குறையைக் கணக்கில் எடுத்தால், இரண்டும் சேரும் வாய்ப்பு 0.0875 அல்ல, 0.14. அங்கே தவறு 0.02 அல்ல, 0.05. சராசரி 0.0089. இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு மடங்கு வித்தியாசம் பெரிய விஷயமில்லை. மனித நம்பகத்தன்மையில் எந்த எண்ணும் அந்த அளவு துல்லியம் கொண்டதல்ல. அடுத்த கேள்விதான் முக்கியம்: எதை மாற்றினால் என்ன கிடைக்கும்? ஓய்வு அறை, விழிப்புப் பயிற்சி என்று ஏதோ செய்து களைப்பின் வாய்ப்பை எல்லா ஷிப்டிலும் பாதியாக்கினால், 0.0089 என்பது 0.0055 ஆகிறது. ஆள் பற்றாக்குறையை நீக்கினால் 0.0028. களைப்பை நேரடியாகத் தொடாமலேயே இரண்டாவது வழி அதிகம் தருகிறது, ஏனென்றால் அது இரண்டு கிளைகளையும் ஒரே வெட்டில் குறைக்கிறது. வேர் வரையப்படாத மாதிரியில் இந்த ஒப்பீட்டைச் செய்யவே வழியில்லை. நிர்வாகம் ஓய்வு அறையைக் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

இந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்யும் கருவிதான் பேய்சியன் வலையமைப்பு. காரணிகள் முனைகள், காரணத்திலிருந்து விளைவுக்கு அம்புகள், ஒவ்வொரு முனைக்கும், அதன் பெற்றோர் முனைகள் இன்ன நிலையில் இருந்தால் இது இன்ன நிலையில் இருக்கும் வாய்ப்பு என்று ஓர் அட்டவணை. அமைப்பு சார்ந்த முடிவுகள் (ஆள் எண்ணிக்கை, பராமரிப்புச் செலவு, ஷிப்ட் முறை) மேலே, அவற்றிலிருந்து பிறக்கும் பணியிட நிலைமைகள் நடுவே, மனிதரின் நிலை (களைப்பு, கவனம், நிலவரம் குறித்த புரிதல்) அதற்குக் கீழே, தவறு கடைசியில். நான் யாருக்காவது சொல்வதாக இருந்தால், அட்டவணைகளை நிரப்புவதற்கு முன் படத்தை மட்டும் காகிதத்தில் வரைந்து, ஷிப்டில் வேலை செய்பவர்களிடம் காட்டச் சொல்வேன். ‘இந்த அம்பு தப்பு, அது இப்படி நடக்காது’ என்று அவர்கள் சொல்லும் இடங்களில் கிடைக்கும் தெளிவு, பின்னர் மென்பொருளில் செலவழிக்கும் வாரங்களில் கிடைக்காது.

அட்டவணைகள்தான் தலைவலி. ஒரு முனைக்கு இரண்டு நிலை கொண்ட எட்டுப் பெற்றோர் இருந்தால் 256 வரிசைகள் நிரப்ப வேண்டும். மூன்று நிலை என்றால் 6561. எந்த நிபுணரும் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டார். அதனால் பலரும் ‘நாய்சி-ஆர்’ என்ற சுருக்கு வழிக்குப் போகிறார்கள்: ஒவ்வொரு காரணியும் தனியாக இருந்தால் என்ன வாய்ப்பு என்று மட்டும் கேட்டு, மீதியைச் சூத்திரத்தால் நிரப்புவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. காரணிகள் தங்கள் விளைவைத் தனித்தனியாகவே உண்டாக்குகின்றன என்பது அந்தச் சூத்திரத்தின் அனுமானம். அதாவது, நாம் இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்க நினைத்த கூட்டு விளைவை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் களைப்பும் நெருக்கடியும் சேர்ந்த இடத்துக்கு அது 0.05 தராது, ஏறத்தாழ 0.008 தரும். நடைமுறை வழி என்னவென்றால், முனைகளுக்கு இடையே இடைநிலை முனைகள் வைத்துப் பெற்றோர் எண்ணிக்கையை மூன்றுக்குள் அடக்குவது. கூட்டு விளைவு இருக்கும் என்று சந்தேகப்படும் மூலைகளை மட்டும் நிபுணர்களிடம் நேரடியாகக் கேட்பது. மீதியை வேண்டுமானால் சூத்திரத்துக்கு விடுவது.

நிபுணரை ஏன் கேட்க வேண்டும், விபத்து அறிக்கைகள்தான் நிறைய இருக்கின்றனவே, அவற்றிலிருந்து தொடர்பைக் கணக்கிடலாமே என்று கேட்பார்கள். இங்கே நிறைய பேர் சறுக்குகிறார்கள். சம்பவ அறிக்கைகளில் தவறு நடந்த ஷிப்டுகள் மட்டுமே இருக்கின்றன. எதுவும் நடக்காமல் முடிந்த ஆயிரக்கணக்கான ஷிப்டுகளில் எத்தனை பேர் களைத்திருந்தார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை. இதனால் அடிப்படை விகிதம் தெரியாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காரணிகளுக்கு இடையே உள்ள தொடர்பே உருமாறிவிடும். இரண்டு காரணிகளில் ஏதாவது ஒன்று இருந்தாலே தவறுக்குப் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு நடந்த பதிவுகளை மட்டும் பார்த்தால், களைப்பு இல்லாத இடத்தில் கையேட்டுக் குறை கட்டாயம் இருக்கும். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். மாறாக, இரண்டும் சேரும்போது விளைவு ஒரேயடியாகப் பெருகுமானால், அறிக்கைகளில் அவை இருப்பதைவிட நெருக்கமாகத் தெரியும். என் எடுத்துக்காட்டிலேயே இதைப் பார்க்கலாம்: எல்லா ஷிப்டுகளையும் எடுத்தால் களைப்புக்கும் நெருக்கடிக்கும் இடையிலான வாய்ப்பு விகிதம் (1 என்றால் தொடர்பே இல்லை, ஏற ஏறத் தொடர்பு நெருக்கம்) சுமார் 3.3; தவறு நடந்தவற்றை மட்டும் எடுத்தால் 8.2. ஆகவே அறிக்கைகளில் ‘இவ்விரு காரணிகள் அடிக்கடி சேர்ந்து வருகின்றன’ என்பதை வைத்து அம்பு வரையக் கூடாது. போதாக்குறைக்கு, விசாரணை செய்பவர் எந்தப் படிவத்தை வைத்திருக்கிறாரோ அந்தக் காரணிகளைத்தான் அறிக்கையில் காண்போம்.

இதற்கு மாற்று, தவறு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பதிவாகும் தரவு. சிமுலேட்டர் பயிற்சிகள் அப்படிப்பட்டவை. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘சகாடா’, தென் கொரிய அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் ‘ஹுரெக்ஸ்’ ஆகிய தரவுத் திட்டங்கள் இந்த வழியில் போகின்றன. ஆனால் சிமுலேட்டரில் யாரும் 29 நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டு வந்து உட்காருவதில்லை. டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 வெடிப்பில் 15 பேர் இறந்தபோது, ஆபரேட்டர்கள் 29 நாளோ அதற்கு மேலோ இடைவிடாமல் 12 மணி நேர ஷிப்ட் பார்த்திருந்தார்கள் என்று அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் கண்டது. அதே விசாரணையில் கோபுரத்துக்குள் இருந்த நீர்மத்தின் மட்டத்தைத் தவறாகக் காட்டிய கருவி, வேலை செய்யாத அலாரம், குறைக்கப்பட்ட பயிற்சி, உள்ளே வரும் அளவையும் வெளியே போகும் அளவையும் வெவ்வேறு திரைகளில் காட்டிய அமைப்பு எல்லாம் வெளிவந்தன. பின்னணியில் செலவுக் குறைப்பு. இவ்வளவும் சேர்ந்த நிலையைச் சிமுலேட்டரில் உண்டாக்க முடியாது, அதனால் மேல் மட்ட முனைகளுக்கு நிபுணர் மதிப்பீட்டைத் தவிர்க்கவும் முடியாது. கீழ் மட்டத்துக்குச் சிமுலேட்டர், மேல் மட்டத்துக்கு நிபுணரும் பணிப்பதிவேடுகளும் என்று பிரித்துக்கொள்வதே இன்று செய்யக்கூடியது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காரணிகள் மட்டுமல்ல, தவறுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. ‘இரண்டாவது ஆள் சரிபார்ப்பார், ஆகவே 0.01ஐ 0.01ஆல் பெருக்கலாம்’ என்பது மிகப் பழைய ஏமாற்று. தெர்ப் முறை இதற்கு ஐந்து படிநிலைகள் வைத்திருக்கிறது. சார்பே இல்லை என்றால் சரிபார்ப்பவர் தவறவிடும் வாய்ப்பு அதே 0.01. சார்பு குறைவு என்றால் 0.06, நடுத்தரம் என்றால் 0.15, அதிகம் என்றால் 0.5ஐத் தாண்டிவிடும், முழுச் சார்பு என்றால் 1. ஒரே ஷிப்டில், ஒரே திரையைப் பார்த்து, மூத்தவர் சொன்னதை இளையவர் சரிபார்க்கிறார் என்றால் எந்தப் படி என்று யாருக்கும் தெரியும். அந்தப் பழைய அட்டவணை இன்றும் பயன்படுகிறது. ஆனால் வலையமைப்பில் இருவருக்கும் பொதுவான முனைகளை வரைந்துவிட்டால் சார்பு தானாகவே வெளியே வரும், தனியாக யூகிக்க வேண்டியதில்லை.

‘டிமேட்டல்’ பற்றியும் கேட்பார்கள். 1970களில் ஜெனீவாவில் பேட்டல் நிறுவனத்தில் உருவான முறை இது. எந்தக் காரணி எதை எவ்வளவு பாதிக்கிறது என்று நிபுணர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்கில் நேரடிச் செல்வாக்கும் மறைமுகச் செல்வாக்கும் கூட்டப்பட்டு, எவை காரணப் பக்கம், எவை விளைவுப் பக்கம் என்று பிரிந்து வருகின்றன. சுழற்சிகளையும் அது ஏற்றுக்கொள்ளும். வலையமைப்புக்கு முன் அம்புகளைப் பேசி முடிக்க இது பயன்படும். ஆனால் அதன் விடை நிகழ்தகவு அல்ல, பத்து பேரின் கருத்துச் சராசரி. இந்தத் தலைப்பில் வரும் ஆய்வுக் கட்டுரைகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே ஒரு படம் போட்டு முடிந்துவிடுவது எனக்கு எரிச்சல்.

சுழற்சிக்கு வருவோம். பேய்சியன் வலையில் அம்பு திரும்பி வந்து தன்னையே தொட முடியாது. இந்த வார நெருக்கடி அடுத்த வாரத் தவறையும், அது அதற்கடுத்த வார நெருக்கடியையும் பாதிப்பதாகக் காலத்தை அடுக்குகளாகப் பிரித்தால் சமாளிக்கலாம். சுழற்சிதான் கதையின் மையம் என்றால், காலப்போக்கில் சுழற்சி எப்படி வளர்கிறது என்று கணக்கிடும் அமைப்பு இயக்கவியல் (சிஸ்டம் டைனமிக்ஸ்) மாதிரி பொருத்தம். கட்டுப்பாட்டு உறவுகளே குலைந்திருக்கும் சிக்கலான அமைப்புகளுக்கு விபத்தைக் கட்டுப்பாட்டின் தோல்வியாகப் பார்க்கும் நான்சி லெவ்சனின் ‘ஸ்டாம்ப்’ வழி நல்லது. ஆனால் அது எண் தராது, தருவதாகவும் சொல்வதில்லை.

கட்டி முடித்த மாதிரியை எப்படிச் சோதிப்பது? நார்வேயின் ஹால்டன் உலைத்திட்டத்தின் சிமுலேட்டரில் கட்டுப்பாட்டு அறைக் குழுக்களை ஓடவிட்டு, பல பகுப்பாய்வு முறைகளின் கணிப்புகளை ஒப்பிட்ட சர்வதேச ஆய்வு ஒன்று நடந்தது. முறைக்கு முறை மட்டுமல்ல, ஒரே முறையைப் பயன்படுத்திய பகுப்பாய்வுக் குழுக்களுக்கு இடையேயும் விடைகள் மாறின. எனவே உங்கள் மாதிரி 0.0089 என்று சொன்னால் நான்காவது தசம இடத்தை யாரிடமும் காட்டாதீர்கள், வீச்சாகச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு அட்டவணை எண்ணையும் இரண்டு மடங்காக்கியும் பாதியாக்கியும் பாருங்கள். எந்தத் தலையீடு முதலிடம் என்ற வரிசை மாறாமல் நின்றால் மாதிரி முடிவெடுக்கப் போதுமானது. வரிசை புரண்டால், எந்த எண் அதைப் புரட்டியதோ அதற்குத்தான் அடுத்து தரவு தேட வேண்டும்.